ஹாரியட் டப்மனும் வில்லியம் ஸ்டில்லும்

1849இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஹாரியட் டப்மன், சுமார் 13 முறை அங்கேயே திரும்பிப் போய் ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தார். பெரும்பாலும் சனிக்கிழமை இரவில்தான் கிளம்புவார். ஏனென்றால், தப்பியவர்களைத் தேடும் விளம்பரம் திங்கட்கிழமைக்கு முன் பத்திரிகையில் வராது.

வில்லியம் ஸ்டிலின் களம் பிலடெல்பியாவில் இருந்த அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகம். தப்பி வருபவர்களுக்குத் தங்க இடமும் வழிச்செலவும் ஏற்பாடு செய்வார். அப்புறம் உட்காரவைத்து, பெயர், ஊர், விட்டுவந்த உறவுகள் என எல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார். 1850இல் அப்படிக் கேட்டபோதுதான், எதிரே இருப்பவர், தன் தாய் அடிமைத்தளையிலிருந்து தப்பியபோது விட்டுவர நேர்ந்த சொந்த அண்ணன் பீட்டர் என்று தெரிந்தது!

துணிச்சலில் டப்மனுக்கு ஈடில்லை. ஆனால் சிதறிய குடும்பங்களின் தடம் அழியாமல் காத்தவை ஸ்டிலின் குறிப்பேடுகள்தான். டப்மன் அழைத்துவந்த சிலரின் பெயர்களும் அவற்றில் இருக்கின்றன.