புயல் பிறக்கும் கடலைக் காட்டும் காற்று வரைபட ஆப்: 5க்கு 4

2018 நவம்பர் 16 விடியலில் கஜா கரையைக் கடந்தபோது, வேதாரண்யம் பக்கம் எங்கள் தோப்பில் 51 தென்னையில் மிஞ்சியது 9. அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் நான் போனும் கையும்தான். நாளைக்கு மழை வருமா என்று பார்க்க இந்த ஆப் தேவையில்லை, அதற்கு வானிலை மையத்தின் அறிக்கை போதும். மகள் கேட்ட கேள்விக்காகத்தான் இதை வைத்திருக்கிறேன்: "ஏம்ப்பா புயல் நம்ம பக்கமே வருது? உலகத்துல வேற கடலே இல்லையா?"

கடல் வெப்பப் படத்தில் விரலை வைத்தால் அந்த இடத்துச் சூடு வரும். போன கார்த்திகையில் நாகைக்குக் கிழக்கே 28 டிகிரி. பெரு நாட்டுக் கரையில் வைத்தேன், 20கூட இல்லை. தெற்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் ஏறிவரும் கடல் அது. புயலுக்கு 26.5 டிகிரியாவது வேண்டும், அதுவும் ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம்வரை. ஆப் மேல்தண்ணீரை மட்டும்தான் காட்டுகிறது.

"சரி, சிங்கப்பூர்கிட்ட?" என்றாள். அங்கே 29. ஆனால் பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் நிலநடுக்கோட்டில் பூஜ்யம். ஓடிவரும் காற்று சுழலாமல் நேரே போய்த் தாழ்வை நிரப்பிவிடும். பொதுவாக 5 டிகிரியாவது தள்ளிப்போக வேண்டும். அபூர்வமாக, 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் 1.4 டிகிரியிலேயே உருவானது.

எனக்குப் பிடித்தது உயரம் மாற்றும் பட்டை. ஆடி மாதம் வங்கக்கடலில் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மேற்குக் காற்று. பட்டையை 12 கிலோமீட்டருக்குத் தள்ளினால் கிழக்கிலிருந்து பேய்க்காற்று! கீழே ஒரு பக்கம், மேலே எதிர்ப்பக்கம் இழுத்தால் மேகம் எப்படிக் கோபுரமாக நிற்கும்? தண்ணீர் சூடாக இருந்தும் ஆடியில் பெரும்புயல் அபூர்வமாக இருப்பது அப்போதுதான் விளங்கியது. பிரேசில் பக்கமும் மேல்காற்றும் கீழ்காற்றும் ஒத்துப்போவதில்லை. அங்கே சூறாவளி வலுவோடு பதிவானது 2004 மார்ச்சில் வந்த கத்தரினா ஒன்றுதான்.

அரை மணி நேரம் பார்த்தால் சார்ஜ் கால்வாசி காலி. கஜாவுக்கு அப்புறம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தவன் நான், இதற்கென்றே பவர்பேங்க் வாங்கினேன். நட்சத்திரம் குறைத்தது தமிழ் மெனுவுக்காக. 'கடல் நீரோட்டம்' இருக்க வேண்டிய இடத்தில் 'கடல் மின்னோட்டம்'. இரண்டு முறை எழுதிப் போட்டேன். இன்னும் கடலில் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.