டியூப் லைட் ஆகாதவர்கள் தாராளமாக வரலாம்

கோவை சரவணம்பட்டியில் உள்ள இந்த கோ-வொர்க்கிங் இடத்தில் (பல பேர் மேஜையை வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கும் பொது ஆபீஸ்) ஏழு மாதமாக ஒரு மேஜை எடுத்திருக்கிறேன். மாதம் 6,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மருந்து கம்பெனி ஆவணங்களுக்குப் பிழை பார்ப்பது என் வேலை. எனக்கு ஆட்டிசம், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவிடாத ஏடிஹெச்டி இரண்டும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் முதலாவது இருக்கிறது, இரண்டாவதன் பெயர் இல்லை. ஆக, சட்டத்துக்குள் நான் பாதி ஆள்.

வைஃபை, காபி பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் விளக்கிலிருந்து தொடங்குகிறேன். முன்பு இருந்த ஆபீஸில் பழைய சோக் வைத்த டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு மதியம் மூன்று மணிக்குள் நெற்றிப்பொட்டில் ஆணி இறங்கிவிடும். எச்ஆரிடம் சொன்னேன், கண் டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

இங்கே வந்த முதல் நாளே போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து மேலே காட்டினேன். மட்டமான எல்இடியாக இருந்தால் வெளிச்சம் துடிப்பது அதில் தெரிந்துவிடும். இங்கே துடிக்கவில்லை. அதைவிட முக்கியம், நான்கு மேஜைக்கு ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். எங்கள் வரிசையில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்திலேயே ஓட்டுகிறோம். பக்கத்து மேஜைத் தம்பிக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, அவனுக்கு எந்த டயக்னோசிஸும் கிடையாது.

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘அமைதி அறை’யை நம்பி வராதீர்கள். நான்கு பக்கமும் கண்ணாடி, மீன்தொட்டி மாதிரி. போன் வந்தால் எல்லோரும் அதற்குள்தான் ஓடுகிறார்கள். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஏசி இரைச்சலை விழுங்கும், மனிதக் குரலை அந்த அளவுக்கு விழுங்காது. அதனால் பேன்ட்ரிக்கு எதிர்க்கோடியில் மூலை மேஜையாகக் கேட்டு வாங்குங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும், யாரும் நடமாட மாட்டார்கள். மேஜையும் தினமும் அதேதான், காலையில் வந்து இடம் தேடி அலைய வேண்டாம். எனக்குப் பாதிக் களைப்பு அதிலேயே போய்விட்டது.

ஆனால் நான் இங்கேயே தங்கிவிட்டதற்குக் காரணம் வரவேற்பு மேஜையில் இருக்கும் பையன். சேர்ந்த வாரம் மாடியில் திடீரென்று டிரில் போட்டார்கள், நான் படிக்கட்டில் போய் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என்ன ஏது என்று அவர் துருவவில்லை. அடுத்த முறை முந்தின நாளே வாட்ஸ்அப் வந்தது: “அக்கா, நாளைக்கு பதினொரு மணிக்கு டிரில் இருக்குங்க. அரை மணி நேரந்தான். லேட்டா வந்தாலும் சரிங்க.” அன்றைக்கு பன்னிரண்டு மணிக்குப் போனேன். இதற்கு அவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

குறைகளும் உண்டு. வரவேற்பறைக் கம்பளத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம், நடந்தால் தரையும் கூடவே நகர்கிற மாதிரி இருக்கும். பிரிட்டனில் 2022ல் பிஏஎஸ் 6463 என்று கட்டடங்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள், என்னைப் போல மூளை வேறு விதமாக இயங்கும் நியூரோடைவர்ஸ் ஆட்களை மனதில் வைத்தே எழுதியது. வெளிச்சம், சத்தம் மட்டுமல்ல, தரையில் இப்படிக் கண்ணைப் பறிக்கும் டிசைன் போடுவது பற்றியும் அதில் பேசியிருக்கிறார்கள். மேனேஜருக்கு அனுப்பினேன். “பார்க்கிறேங்க” என்றார். கம்பளம் அப்படியே கிடக்கிறது, நான் பின்வாசல் வழியாக வந்து போகிறேன். வெள்ளிக்கிழமை காலை ஊதுபத்தி வேறு. வேண்டாம் என்று சொல்ல மனமில்லை, பத்தரைக்கு மேல் வருகிறேன்.

சேர்வதற்கு முன் ஒரு நாள் பாஸ் எடுத்துப் பாருங்கள், 350 ரூபாய். சேல்ஸ் ஆட்கள் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார்கள், அப்போது எந்த ஆபீஸும் அமைதியாகத்தான் இருக்கும். மதியம் ஒன்றரைக்குப் போங்கள். மூன்று மைக்ரோவேவும் ஒன்றாகக் கத்தும் நேரம் அதுதான்.