கண்ணாடிக் குழாய் ஸ்டாண்ட்: அழகு சரி, வேர் வருமா?

வெட்டிய செடித் தண்டைத் தண்ணீரில் வைத்து வேர் விடச் செய்ய, மரச்சட்டத்தில் ஐந்து கண்ணாடிக் குழாய்கள் செருகிய ஸ்டாண்ட் இது. மணி பிளான்ட், கோலியஸ், புதினா மூன்றுக்கும் கச்சிதம். வாய் குறுகலாக இருப்பதால் தண்டு சாயாது. வேர் எந்த அளவில் இருக்கிறது என்பதும் வெளியே எடுக்காமலே தெரியும்.

குறையும் அந்தக் குறுகலில்தான். கொள்ளும் தண்ணீரே கொஞ்சம், வெயில் காலத்தில் மளமளவென்று இறங்கும். கணு (தண்டில் இலை முளைக்கும் முடிச்சு) வெளியே தெரிந்து, வெள்ளை வேர்நுனி பழுப்பாகிச் சுருண்டால் அது போனதுதான். இரண்டு நாளுக்கொரு முறை நீர்மட்டம் பாருங்கள். வாரம் ஒரு முறை முழுதாக மாற்றுங்கள். அடியில் சேரும் வழவழப்பைத் தேய்க்க விரல் நுழையாது, மெல்லிய பாட்டில் பிரஷ் தேவை. வெளிச்சம் பட்டுப் பாசியும் பிடிக்கும். கறுப்புக் காகிதம் சுற்றினால் அடங்கும், ஆனால் அப்புறம் கண்ணாடி எதற்கு?

கணுவுக்கு அரை செ.மீ. கீழே வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். விட்டால் அழுகித் தண்ணீர் நாறும். குழாய்க்கு ஒரே தண்டு. இரண்டு வைத்தால் வேர் பின்னிக்கொண்டு, பிரிக்கும்போது அறும்.

வேர் 3 முதல் 5 செ.மீ. வந்ததும், மண்ணில் நட விரும்புகிறவருக்குக் கொடுத்துவிடலாம். அதற்கு மேல் நீரிலேயே வளர்ந்த வேர் மண்ணில் தடுமாறும். ஈரக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். முதல் பத்து நாள் மண் காயக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ரோஜா, செம்பருத்திக்காக இதை வாங்க வேண்டாம். மரம்போல் கெட்டியான தண்டுக்கு ஈர மணலே மேல்.