எஸ்இலினக்ஸா, ஆப்ஆர்மரா?

இரண்டும் லினக்ஸில் வழக்கமான கோப்பு அனுமதிகளுக்கு மேல் இன்னொரு காவலாக நிற்கும் பாதுகாப்பு அமைப்புகள். முதலில் எஸ்இலினக்ஸிடம் நான் பட்ட பாடு. வீட்டு அடைவில் தயாரித்த சில வலைப்பக்கங்களை எம்வி கட்டளையால் அப்பாச்சி என்ற வலைச் சேவையின் அடைவுக்கு நகர்த்தினேன். கோப்பு அனுமதி 644 (யாரும் படிக்கலாம்), உரிமையாளர் பெயரும் சரி. ஆனாலும் உலாவியில் 403, அதாவது அனுமதி மறுப்பு. அரை நாள் அனுமதிகளையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது: கோப்புகளின் மேல் எஸ்இலினக்ஸ் குத்திய வீட்டு அடைவின் முத்திரை அப்படியே ஒட்டியிருந்தது. நகலெடுத்திருந்தால் புது இடத்தின் முத்திரை விழுந்திருக்கும். நகர்த்தினால் பழையது கூடவே வந்துவிடும். இடத்துக்குரிய முத்திரையைக் குத்தும் ரெஸ்டோர்கான் கட்டளை ஒரே வரி, பக்கம் திறந்தது.

எஸ்இலினக்ஸின் குணம் இதுதான். அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000 டிசம்பரில் வெளியிட்ட இது, கோப்பு, புரோசஸ் (ஓடும் நிரல்), போர்ட் (பிணைய வாசல் எண்) என்று எல்லாவற்றுக்கும் முத்திரை குத்துகிறது. ரெட் ஹாட் லினக்ஸில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் போர்ட்டை 22-லிருந்து 2222-க்கு மாற்றிப் பாருங்கள். அந்த எண்ணுக்கும் முத்திரை தரும்வரை சேவை எழுந்திருக்காது. எரிச்சல்தான். ஆனால் வலைச் சேவைக்குள் புகுந்தவன் ரூட் என்ற உச்ச அதிகாரமே பெற்றாலும் இதே பிடிவாதம் அவனையும் மறிக்கும்.

ஆப்ஆர்மர் பார்ப்பது முத்திரையை அல்ல, கோப்பு இருக்கும் பாதையை. எந்த நிரல் எந்தக் கோப்பைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்பது புரொஃபைல் எனப்படும் சாதாரண உரைக்கோப்பில் இருக்கும். தேநீர் ஆறுவதற்குள் படித்து முடிக்கலாம். தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் புகார் நிலையில் சில நாள் ஓடவிட்டு, லாக்கில் விழுந்தவற்றைப் பார்த்து விதிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். உபுண்டு லினக்ஸிலும், 2019-இல் வந்த டெபியன் 10 முதல் டெபியனிலும் இது இயல்பாகவே இருக்கிறது. குறை என்னவென்றால், புரொஃபைல் எழுதப்படாத நிரலை இது கண்டுகொள்வதே இல்லை.

வலிமையில் என் ஓட்டு எஸ்இலினக்ஸுக்கு. ஆப்ஆர்மரை நெடுநாள் வளர்த்த சூசே லினக்ஸ் முகாமிலேயே, ஓபன்சூசே டம்பிள்வீட் என்ற பதிப்பு 2025-இல் புதிய நிறுவல்களை எஸ்இலினக்ஸுக்கு மாற்றிக்கொண்டது. ஆனால் தனி ஆளாக நான்கு உபுண்டு சர்வர்களைக் கவனிப்பவர் ஆப்ஆர்மரைப் பெயர்த்துவிட்டு எஸ்இலினக்ஸைப் பொருத்தப் புறப்படுவது வீண் வேலை. அந்த நேரத்தில் இணையத்தைப் பார்த்து நிற்கும் சேவைகளுக்கு நல்ல புரொஃபைல் எழுதலாம்.

ரெட் ஹாட் வைத்திருப்பவர் சிக்கல் வந்ததும் எஸ்இலினக்ஸை முழுவதுமாக அணைத்துவிட வேண்டாம். அணைந்திருக்கும்போது உருவாகும் கோப்புகளுக்கு முத்திரையே விழாது. திரும்ப இயக்கும் நாளில் வட்டு முழுவதற்கும் மறுமுத்திரை குத்த வேண்டியிருக்கும். பெர்மிசிவ் நிலையில் வைத்தால் தடுக்காது, ஆனால் எதைத் தடுத்திருக்கும் என்று ஆடிட் லாக்கில் எழுதிக்கொண்டே இருக்கும்.