சாவை எதிர்நோக்கி இருப்பவரிடம் கதை கேட்டு எழுதித் தரும் சேவை: ஐந்துக்கு நான்கு

எனக்கு நுரையீரல் ஃபைப்ரோசிஸ். நுரையீரல் சிறிது சிறிதாகத் தழும்பேறி இறுகிப்போகும் நோய். எதனால் வந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியாத வகை. பிர்ஃபெனிடோன், நிண்டெடானிப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. தழும்பேறும் வேகத்தை அவை மட்டுப்படுத்தும். ஏறிய தழும்பு ஏறியதுதான். நோய் தெரிந்ததிலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டு என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. அந்தக் கணக்கின் பின்பாதியில், ஆக்சிஜன் செறிவூட்டியோடு இருக்கிறேன். அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. எழுதுபவனின் நிலை தெரியாமல் அவன் போடும் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆதரவுச் சிகிச்சைக் குழு ஒன்று இந்தச் சேவையைத் தருகிறது. பெயர் கண்ணியச் சிகிச்சை. கனடாவைச் சேர்ந்த ஹார்வி சோச்சினோவ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறை. கேள்விகளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவார்கள். பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்வார். சில நாட்களுக்குள் அதை எழுத்தாக்கி, ஒழுங்குபடுத்தி, நமக்கே படித்துக் காட்டி, திருத்தி, கையில் கொடுப்பார். யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நாம் சொல்கிறோமோ அவர்களுக்கு அது போகும்.

இந்தக் குழு செய்த முதல் நல்ல காரியம், முதல் நாளே ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வராதது. மூச்சுக்குத் தவிப்பவனிடம் வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றிக் கேட்பதைப் போல் அநியாயம் வேறில்லை. முதலில் மருத்துவர் வந்தார். முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ள ஒரு சிறிய மின்விசிறியும், மிகக் குறைந்த அளவில் மார்ஃபினும் தந்தார். முகத்தில் குளிர்ந்த காற்று படும்போது திணறும் உணர்வு அடங்குகிறது. பொம்மை போன்ற அந்த விசிறியை நான் நம்பவே இல்லை, இப்போது தலையணைக்குப் பக்கத்திலிருந்து அதை எடுக்க யாரையும் விடுவதில்லை. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது இறுதிக்கால நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மா என நாலாபுறமும் சேர்ந்ததுதான் சாவை நெருங்குபவர்களின் வலி என்று சொன்னவர். அப்படிச் சொன்னவரே உடல் வலிக்கு நேரம் தவறாமல் மருந்து கொடுப்பதில் கறாராக இருந்தார். நீங்கள் அமர்த்தும் குழு இந்த வரிசையை மாற்றினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பேச வந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால், கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் கதவருகே நின்று பேச வேண்டும். உள்ளே காற்று வரும், லிஃப்ட் விழாது, இத்தனை நிமிடம் ஆகும் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். ‘இதோ முடிந்துவிட்டது’ என்று பொய் சொன்னால் அடுத்த ஐந்து நிமிடத்தில் உள்ளே இருப்பவர் கதவைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடுவார். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. “இதனால் உங்கள் நோய் குறையாது ஐயா. களைப்புகூட வரலாம். நடுவில் நிறுத்த வேண்டும் என்றால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன்” என்றார். சொன்னபடியே செய்தார். நான் மூச்சு வாங்கிய நேரங்களில் வாக்கியத்தை எனக்காக முடித்து வைக்கவும் இல்லை. அதற்கே ஒரு நட்சத்திரம் தனியாகக் கொடுக்கலாம்.

கேள்விகளில் நல்லதும் உண்டு, சுமாரானதும் உண்டு. ‘எப்போது மிகவும் உயிர்ப்போடு இருந்தீர்கள்?’ என்பது எனக்கு ஒட்டவில்லை. வேலை பார்ப்பவன் அதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்வதில்லை. ‘குடும்பத்தாருக்கு உங்களைப் பற்றித் தெரியாதது என்ன, எது தெரிய வேண்டும்?’ என்றதும் பிடித்துக்கொண்டேன். என் மகளுக்கு என் வேலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம், நடுராத்திரியில் தொலைபேசி அடிக்கும், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார் என்பது மட்டும்தான். எஃகுக் கயிறுகள் பல இருக்கும், ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும் என்பதிலிருந்து, வேகம் எல்லை மீறினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பு வரை விளக்கினேன். 1854இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் தன் லிஃப்டின் மேடைமேல் நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னதையும், அது விழாமல் நின்றதையும் சொன்னேன். இது வாழ்க்கை வரலாறா, தொழிற்பயிற்சி வகுப்பா என்று வேறொருவர் என்னை மடக்கியிருப்பார். அவர் மடக்கவில்லை. “கடைசியாக நீங்கள் வெளியே எடுத்தவர் யார்?” என்று மட்டும் கேட்டார். அங்கிருந்து பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அது மகளுக்கான பகுதி, இங்கே எழுதப்போவதில்லை.

என்னைக் கேட்டால், இந்தச் சேவையின் உயிர் திருத்தும் கட்டத்தில்தான் இருக்கிறது. நோய் வந்த பிறகு எல்லோரும் என்னைப் பற்றி முடிவெடுத்தார்கள்: எப்போது குளிப்பது, யார் பார்க்க வரலாம், எந்தச் செய்தியை என்னிடம் சொல்லக் கூடாது. இங்கே ஒருவர் காகிதத்தோடு எதிரே உட்கார்ந்து, “இந்த வரி இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?” என்று கேட்டுக் காத்திருந்தார். அண்ணனைப் பற்றி நான் காரமாகச் சொன்ன பத்தியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். படிப்பவரைப் புண்படுத்தக்கூடிய இடங்களைத் தனியே காட்டுவது இந்த முறையின் விதி. “இது அவருடைய பிள்ளைகள் கண்ணிலும் படலாம்” என்றார். நடந்ததை விட்டுவைத்தேன், வசவை எடுத்தேன். துண்டறிக்கையில் ‘வாழ்வின் அர்த்தத்தைக் கண்டடையுங்கள்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் எதையும் கண்டடையவில்லை. எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது, அதற்குப் பொறுப்பாளி நான் என்றானது. அது போதுமானதாக இருந்தது.

இனி குறைகள். எழுத்தாக்கியவர் தொழிற்சொற்களைக் கன்னாபின்னாவென்று எழுதியிருந்தார். செறிவூட்டியின் இரைச்சலில் சில வாக்கியங்கள் காணாமலே போயிருந்தன. நடுவில் எப்போதோ நான் சொன்ன சர்க்கரைப்பாகு போன்ற ஒரு வரியைத் தூக்கிக் கடைசியில் வைத்திருந்தார்கள். நல்லபடியாக முடிய வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்வது வழக்கமாம். எடுக்கச் சொன்னேன், மகள் பெயரில் உள்ள ஆவணங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதோடு என் பிரதி முடிகிறது. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் ஒரு நட்சத்திரம் போயிற்று.

இன்னொன்று: மனவேதனை தீரும் என்று நம்பி இதற்குப் பெயர் கொடுக்காதீர்கள். சோச்சினோவ் குழுவே 2011இல் வெளியிட்ட ஆய்வில் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 326 நோயாளிகள் முழுமையாகப் பங்கேற்றார்கள். வேதனையை அளக்கும் அளவுகோல்களில் கண்ணியச் சிகிச்சைக்கும் மற்ற பராமரிப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. தொடக்கத்திலேயே பலருக்கு வேதனை குறைவாக இருந்தது ஒரு காரணம் என்கிறார்கள். ஆனால் தங்களுக்கு உதவியது, கண்ணிய உணர்வு கூடியது, குடும்பம் தங்களைப் பார்க்கும் விதம் மாறியது என்று சொன்னவர்கள் கண்ணியச் சிகிச்சை பெற்ற பிரிவில்தான் அதிகம். என் அனுபவமும் ஏறக்குறைய இதுதான். இரவில் பயம் இன்னும் வருகிறது.

எழுதி வைக்க எதுவும் இல்லை, உட்கார்ந்து யோசிக்கத்தான் துணை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. வாழ்வின் அர்த்தம் பற்றி எழுதிய மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் என்பவரின் சிந்தனையை அடிப்படையாகக் கொண்டு நியூயார்க்கில் வில்லியம் பிரைட்பார்ட் வகுத்த, தனிநபருக்கு ஏழு அமர்வுகள் கொண்ட சிகிச்சை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நினைவு தடுமாறத் தொடங்கிய பிறகு கண்ணியச் சிகிச்சைக்குச் சொல்லி அனுப்புவதிலும் பயனில்லை. ‘இன்னும் நாள் இருக்கிறதே’ என்று வீட்டார் இழுத்தால் கேட்காதீர்கள். கோர்வையாகப் பேச முடிகிறபோதே கூப்பிடுங்கள்.

என்னைப் போல ஆக்சிஜனில் இருப்பவர்கள் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். கேள்வித்தாளில் வேண்டாத கேள்விகளை முதல் நாளே அடித்து வையுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். செறிவூட்டியை அடுத்த அறையில் வைத்து, நீளமான குழாய் போட்டுக்கொள்ளுங்கள்; எத்தனை நீளம் வரை போகலாம் என்று மட்டும் செவிலியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.