வாகனம் இல்லாமல் முல்லைத்தீவில் தங்கினால் சாமான் வாங்குவது எப்படி

கரியர் உள்ள சைக்கிள் தருவார்களா என்று கேட்காமல் முல்லைத்தீவில் எந்தக் கடற்கரை விடுதிக்கும் முற்பணம் கட்டாதீர்கள். நாங்கள் குடும்பமாகத் தங்கிய இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அறை சுத்தம், சமையலறையில் காஸ் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் இருந்தன, முற்றத்தில் நின்றாலே கடல் தெரியும். சைக்கிள் இலவசம், சந்தை ஐந்து நிமிடம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். சைக்கிள் இருந்தது உண்மைதான், ஆனால் கூடையும் இல்லை, கரியரும் இல்லை, ஒன்றுக்குப் பிறேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. அந்த ஐந்து நிமிடக் கணக்கும் மோட்டார் சைக்கிளுக்கு உரியது. கொளுத்துகிற வெயிலில் அரிசியும் தேங்காயும் கையில் தூக்கி வருகிறவருக்கு இது பெரிய விஷயம். சொன்னதும் முதலாளி தன் வீட்டு லுமாலா சைக்கிளையே கொண்டுவந்து தந்தார், அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் விளம்பரத்தை இன்னும் திருத்தவில்லை.

நல்ல சைக்கிள் கிடைத்துவிட்டால் முல்லைத்தீவு அருமையான இடம். ஏற்றம் இறக்கம் இல்லாத தரை. ஒரு உரப்பையைக் கரியரில் வைத்துப் பழைய ரியூப் துண்டால் இழுத்துக் கட்டினால் மரக்கறி, பருப்பு, தேங்காய், சவர்க்காரம் எல்லாம் ஒரே தடவையில் வந்துவிடும். காலையிலேயே வெளிக்கிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையிலிருந்து உள்பக்கம் மிதிக்கும்போது காற்று முகத்தில்தான் அடிக்கும், பாரத்தோடு திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், இந்த ஒரு விஷயத்தில் இயற்கை நம் பக்கம். குறுக்குப் பாதை என்று பற்றைக்காட்டுக்குள் மட்டும் சைக்கிளை விடாதீர்கள். போர் முடிந்தது 2009இல், அதற்குப் பிறகும் இந்த மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடங்கள் தொடர்ந்திருக்கிறது. ஊர்ச்சனம் புழங்கும் வழியில் போவதே நல்லது, பிள்ளைகளோடு வருகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மீனுக்குக் கடை தேடத் தேவையே இல்லை. கரைவலை இழுக்கும் நேரம் கரையில் போய் நின்றால் சூடையோ பாரையோ அன்றைக்குப் பட்டது கிடைக்கும், துடிக்கத் துடிக்க. விலையை முதலில் கதைத்துவிடுங்கள், பிறகு அவர்களே வெட்டித் தருகிறார்களா என்றும் கேளுங்கள், ஏனென்றால் விடுதிக் கத்தியால் பாரை வெட்டுவது லேசான வேலை இல்லை. நந்திக்கடல் களப்பு இறாலை நான் இங்கே சாப்பிட்டதுபோல் எங்கேயும் சாப்பிட்டதில்லை. கத்தோலிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை, எனவே சனிக்கிழமையே வாங்கி வைப்பது நல்லது. போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், இறைச்சிக் கடை பூட்டு, அதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலைச் சாப்பாட்டுக் கவலையைத் தீர்த்தது பாட்டுப் போட்டபடி வீடு வீடாகப் பாண் விற்கும் ஓட்டோ. அந்தப் பாட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டவுடன் பிள்ளைகள் காசை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். பாண், மாலுபாண், கிம்புலா பனிஸ் எல்லாம் வாசலிலேயே கிடைத்தன. எந்த நேரத்துக்கு வரும் என்று முதல் நாளே கேட்டு வைத்தோம், "தம்பி, நாளைக்கு இந்த வீட்டுக்கும் நிப்பாட்டுங்கோ" என்று ஒரு தடவை சொன்னதே போதும், அதற்குப் பிறகு அவராகவே வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தார்.

பாரமான சாமானுக்கு ஓட்டோதான். குடிதண்ணீர்ப் போத்தல்களும் அரிசிப் பையும் சைக்கிளில் கட்டினால் முன்சில்லு தூக்கும். பலசரக்குக் கடைக்காரரிடம் பட்டியலைக் கொடுத்து, அவருக்குத் தெரிந்த ஓட்டோக்காரரைக் கூப்பிடச் சொன்னோம். நடுரோட்டில் மறித்துப் பிடித்ததைவிட இதில் கூலி குறைந்தது, சாமானையும் உள்ளே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். ஏறுவதற்கு முன் கூலியைப் பேசுவது முக்கியம். அரிசி என்றால் ஆட்டக்காரி இருக்கிறதா என்று கேளுங்கள், இறால் குழம்போடு அதற்கு ஈடு கிடையாது.

உடுப்பு, செருப்பு, பிள்ளைகளின் பொருட்கள் என்று கொஞ்சம் பெரிய கொள்வனவுக்குப் புதுக்குடியிருப்புக்குப் பஸ் எடுத்தோம். பரந்தன் வீதியால் போகும், வழியில் வட்டுவாகலில் நந்திக்கடலைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர். போரின் கடைசி நாட்களில் ஏராளமான சனம் செத்துப்போன முள்ளிவாய்க்கால் அடுத்து வருகிறது. அந்த இடத்தில் பஸ்ஸுக்குள் பேச்சு குறைந்ததைக் கவனித்தேன். சுற்றுலா என்று வருகிறவர்களும் அதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும், அங்கே இறங்கிச் சிரித்துப் படம் எடுக்கிற இடமில்லை. இ.போ.ச என்கிற அரசாங்க பஸ்ஸோ தனியார் பஸ்ஸோ எதுவானாலும், திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு நாள் சமையல் முடிந்துவிடும்.

ஊரிலிருந்து வரும்போது என்ன கொண்டுவரலாம்? வீட்டில் திரித்த மிளகாய்த்தூள், கோப்பி, பிள்ளைகளின் மருந்து, ஒரு நல்ல கத்தி, இவ்வளவும் போதும். மற்றதெல்லாம் இங்கே கிடைக்கும். கொழும்புப் பக்கமிருந்து வருகிறவர்கள் ரயிலில் மாங்குளத்தில் இறங்கி அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் பஸ்ஸில் வரலாம், ஏறத்தாழ 50 கிலோமீற்றர். போரால் நின்றுபோன அந்த ரயில் பாதை 2013இல்தான் கிளிநொச்சி வரை மறுபடி திறந்தது. இருட்டுவதற்கு முன் வந்து சேருகிற மாதிரி வெளிக்கிடுங்கள், காட்டுப்பக்கம் யானை நடமாட்டம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழையும் கடல் கொந்தளிப்பும் இருக்கும், மீனும் சைக்கிளும் இரண்டும் சரிவராது, அந்த மாதங்களில் வாகனம் இல்லாமல் வர நான் சொல்ல மாட்டேன்.

போகிற நாளில் கருவாடு வாங்குவதென்றால் பஸ் ஏறுவதற்குச் சற்று முன்பு வாங்குங்கள். கடைக்காரரிடம் சொல்லி இரண்டு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், யாழ்ப்பாணம் வரை பக்கத்து சீற்றில் இருப்பவரும் உங்களோடு வர வேண்டுமே.