மன்னாவா, 153 மீனா?

சென்னை காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது எங்கள் வீட்டு ஜெபத்தில் இரண்டு பைபிள் அற்புதங்கள் போட்டி போடும்.

அப்பாவுக்கு யோவான் 21. சீஷர்களுக்கு ராத்திரி முழுக்க ஒன்றும் சிக்கவில்லை. இயேசு சொன்னபடி வலதுபுறம் வலை போட்டதும் 153 பெரிய மீன். வலை கிழியாததுதான் பெரிய அற்புதம் என்பார், கிழிந்த வலையை மடியில் போட்டுத் தைத்தபடி.

அம்மாவுக்கு யாத்திராகமம் 16. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த உணவு மன்னா, ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. மறுநாளைக்கு எடுத்து வைத்தால் புழு. ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பு, அது கெடாது. அரிசிப் பானைக்குள் கைவிட்டு அளக்கிறவளுக்கு இது சட்டென்று புரியும்.

மீனை நம்பினால் கடன் வாங்கத் தோன்றும். மன்னா அப்படியல்ல, ஆனால் வெயில் ஏறுமுன் குனிந்து பொறுக்க வேண்டும்.

தடைக்காலத்தில் என் ஓட்டு அம்மாவுக்கு. ஜூன் 15 விடிந்தால் அப்பா பக்கம் சாய்ந்துவிடுவேன், அது வேறு விஷயம்.